தவணைக்குப் பிறகு சோறா, சோற்றுக்குப் பிறகு தவணையா?

கர்நாடகத்தில் நுண்கடன் வசூல் கொடுமைகளைத் தடுப்பதற்கான அவசரச் சட்டம் 2025 பிப்ரவரி 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஐந்து நாள்களுக்கு முன், பிப்ரவரி 7 அன்று, ஆளுநர் தாவர்சந்த் கெலாட் அதே சட்டத்தில் ஒப்பமிடாமல் திருப்பி அனுப்பியிருந்தார். அதிகபட்சம் 3 லட்சம் ரூபாய்க் கடன் தொடர்பான குற்றத்துக்கு 10 ஆண்டுச் சிறையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் மிகையானவை என்பது அவர் முன்வைத்த ஆட்சேபங்களுள் ஒன்று. அவர் இவ்வாறு தண்டனையின் அளவை நிறுத்துப் பார்த்ததற்கு முந்தைய வாரங்களில்தான், சாமராஜநகர் மாவட்டத்துச் சிற்றூர்களில் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டு வெளியேறுவதாகச் செய்திகள் வந்தன. ஹாவேரி மாவட்டப் பெண்கள் தாலியைக் காத்துத் தருமாறு கேட்டு, அந்தத் தாலியையே முதலமைச்சருக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். மார்ச் மாதம் சட்டமன்றம் இதை முழுச் சட்டமாக நிறைவேற்றியது. ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் இதே நோக்கத்தில் ஒரு சட்டம் கண்டது.

இச்சட்டங்களை நாம் வரவேற்கிறோம். பதிவு பெறாதவர்களும் உரிமம் இல்லாதவர்களும் எளிய மக்களுக்குக் கொடுத்த கடன் வட்டியோடு தீர்ந்ததாகக் கொள்ளப்படும் என்னும் விதி சாதாரணமானதன்று. ஆயினும் இச்சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கர்நாடகச் சட்டத்தின் பிடிக்கு வெளியே நிற்கின்றன. பெங்களூருவின் தொழிலாளர் குடியிருப்புகளில் வாரந்தோறும் தவணை வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அத்தகைய பதிவு பெற்ற நிறுவனங்களின் ஊழியர்களே. அவர்களும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் இளைஞர்கள். வசூல் இலக்கை எட்டாவிட்டால் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியாது.

ஆக, சட்டம் வாசற்படி வரை வந்து நின்றுவிடுகிறது. வாசற்படிக்கு உள்ளே மாதக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை. குடும்ப வரவுசெலவு பற்றிக் கட்சி வார இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஒன்றிய அரசின் வரவுசெலவு அறிக்கையைப் பிப்ரவரி முதல் நாளன்று வரிவரியாக அலசும் நாம், அதே முதல் தேதியில் தொழிலாளியின் வீட்டில் போடப்படும் வரவுசெலவுத் திட்டத்தை ஏன் அலசுவதில்லை என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கடனை அடைக்கும் வழி எது என்று கேட்டால், நாளிதழ்களின் இணைப்புப் பக்கங்களும் வங்கி விளம்பரங்களும் ஒரே குரலில் சிக்கனம் என்கின்றன. வெளியில் சாப்பிடாதே, தேவையற்றதை வாங்காதே, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமி. இவை நடுத்தர வர்க்கத்து இல்லங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகள். குறைப்பதற்கு ஏதேனும் இருக்கிறவனிடம்தான் குறைத்துக்கொள் என்று சொல்ல முடியும். பெங்களூருவில் 2025 ஜனவரியில் நகரப் பேருந்துக் கட்டணம் 15 விழுக்காடு உயர்ந்தது. பிப்ரவரி 9 அன்று மெட்ரோ கட்டணம் உயர்ந்து, அதன் உச்சம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. ஏப்ரல் முதல் தேதி நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் கூடியது. இவற்றுள் எதைத் தொழிலாளி ஊதாரித்தனமாக வாங்கினார்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது மாதிரிக் கணக்குத்தான். ஆயினும் பொம்மனஹள்ளியிலோ பீன்யாவிலோ வாழ்பவர்கள் இதை அந்நியமாகக் கருத மாட்டார்கள். மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் தொழிலாளி. கணவர் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுபவர்; மழை பெய்தால் வேலை இல்லை. இரண்டு பிள்ளைகள். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்; மாதத்துக்குச் சராசரி 25,000. வாடகை 7,000. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி 7,000. பால் 1,300. எரிவாயு உருளை 850. பள்ளிக் கட்டணத்தை மாதவாரியாகப் பிரித்தால் 3,000. கைப்பேசி 600. மருந்து 1,000. கணவரின் போக்குவரத்து 1,200. ஊரில் இருக்கும் தாய்க்கு 1,500. கூட்டினால் 23,450. கையில் நிற்பது 1,550 ரூபாய். யாருக்கும் காய்ச்சல் வராத, எந்தச் சுற்றத்திலும் திருமணமோ சாவோ நிகழாத, மழை பெய்யாத மாதத்தின் கணக்கு இது.

இப்போது ரிசர்வ் வங்கியின் விதியைப் பார்ப்போம். 2022 மார்ச் 14 அன்று அது வெளியிட்ட நுண்கடன் நெறிமுறையின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரப்படும் கடனே நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இது கடனாளியைக் காக்கும் விதி என்று போற்றப்படுகிறது. நம் மாதிரிக் குடும்பத்துக்கு இதன் பொருள், மாதம் 12,500 ரூபாய் வரை தவணை கட்டச் சொல்லலாம் என்பதே. கையில் நிற்பதோ 1,550. மாதம் 2 லட்சம் சம்பாதிக்கும் மென்பொருள் பொறியாளர் பாதியைத் தவணையாகக் கட்டினாலும், மீதியுள்ள ஒரு லட்சத்தில் வாழ்ந்துவிடுவார். 25,000 ரூபாய்க் குடும்பத்தின் மறுபாதி வாடகைக்கும் அரிசிக்கும்கூடப் போதாது. விழுக்காடு இருவருக்கும் ஒன்றே. வயிற்றின் அளவு விழுக்காட்டில் வருவதில்லை. பாதி வருமானம் என்னும் வரம்பு வறியவரைப் பொறுத்தவரை வரம்பே அன்று. அதைச் சட்டபூர்வமான பட்டினி என்று சொன்னால் அது மிகையாகாது.

குறையும் 10,950 ரூபாய் எங்கிருந்து வருகிறது? இன்னொரு கடனிலிருந்து. அல்லது அடகுக்கடையிலிருந்து. அல்லது மாமியாரின் மருந்திலிருந்து. நுண்கடன் நிறுவனங்களின் கூட்டமைப்பு, ஒரு பெண்ணுக்கு 3 நிறுவனங்களுக்கு மேல் கடன் கொடுக்க வேண்டாம் என்றும், மொத்தக் கடன் 2 லட்சத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் 2025 ஏப்ரல் முதல் தன் உறுப்பினர்களுக்கு வரையறை விதித்தது. அதுவரை எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்பதை அந்த வரையறையே சொல்லிவிடுகிறது.

வட்டியைப் பற்றியும் தோழர்கள் தெளிவு பெற வேண்டும். நம் கூட்டங்களில் வட்டிக் கொடுமை என்னும் சொல் அடிக்கடி ஒலிக்கிறது. வட்டியைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் குறைவு. ஒருவர் 10,000 ரூபாய் கடன் வாங்கி, ஆண்டுக்கு 12 விழுக்காடு நேர்வட்டி என்று ஒப்புக்கொள்கிறார். 11,200 ரூபாயைப் பன்னிரண்டு மாதத் தவணைகளாக, மாதம் 933 ரூபாய் வீதம் கட்டுகிறார். நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால் வங்கி வட்டிதானே என்று தோன்றும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே அவர் அசலைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். பாதி ஆண்டு கழிந்தபோது அசலில் ஏறத்தாழப் பாதிதான் அவரிடம் இருக்கிறது. வட்டி மட்டும் முழு 10,000 ரூபாய்க்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் இது 21 விழுக்காட்டுக்கு மேல். தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 என்று எழுதி, 1,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள். ஆயிரம் ரூபாய்தானே என்று கடைக்காரர் நினைக்கிறார். ஆண்டுக் கணக்கில் இது 75 விழுக்காட்டைத் தாண்டும் வட்டி.

சொல்லாராய்ச்சியில் எனக்குள்ள பழக்கத்தால் ஒன்றைக் குறிப்பிட்டு நகர்கிறேன். கன்னடத்தில் தவணைக்குக் ‘கந்து’ என்று பெயர். நம் கந்துவட்டியில் உள்ள கந்துவும் அதுவே என்று நான் கருதுகிறேன். கொடுமையைக் குறிப்பதாக நாம் நினைக்கும் சொல், தவணை என்னும் வெறும் நடைமுறையைத்தான் குறித்திருக்கிறது. கொடுமை, சொல்லுக்கு வெளியே, பழக்கத்தில் வந்து சேர்ந்தது.

இந்த வட்டிக்கு உச்சவரம்பு ஒன்று இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2010இல் எஸ்.கே.எஸ். நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தையில் இறங்கி 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. ஏழைப் பெண்களின் வாரத் தவணை நம்பகமான இலாபம் என்று உலக முதலீட்டாளர்கள் கண்டுகொண்ட ஆண்டு அது. அதே ஆண்டு அக்டோபரில், ஆந்திரத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்த தற்கொலைகளை அடுத்து அம்மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, வசூல் நின்றது. 2011 ஜனவரியில் மாலேகாம் குழு அறிக்கை தந்தது. அதன் பின்னர் ரிசர்வ் வங்கி வட்டிக்கு வரம்பு விதித்தது. 2022 மார்ச் நெறிமுறை அந்த வரம்பை எடுத்துவிட்டது. நிறுவனங்களே வட்டியை நிர்ணயிக்கலாம், கொள்ளை வட்டியாக மட்டும் இருக்கக் கூடாது என்றது. கொள்ளை எந்த எண்ணில் தொடங்குகிறது என்று அது சொல்லவில்லை. மூன்றாண்டுக்குள் கர்நாடகத்தில் அவசரச் சட்டம் தேவைப்பட்டது.

இன்னொரு புறத்தையும் பார்க்க வேண்டும். வங்கிகள் கடந்த பத்து நிதியாண்டுகளில் ஏறத்தாழ 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கேட்டிலிருந்து நீக்கியதாக நிதியமைச்சர் 2025 மார்ச்சில் மக்களவையில் தெரிவித்தார். அதில் பாதிக்கு மேல் பெருந்தொழில்களும் பெரிய சேவை நிறுவனங்களும் பட்ட கடன். இதைத் தமிழ் ஏடுகள் ‘தள்ளுபடி’ என்று மொழிபெயர்க்கின்றன. அது சரியன்று. கணக்கேட்டிலிருந்து நீக்குவது வேறு, கடனையே விட்டுவிடுவது வேறு. வசூலிக்கும் உரிமை வங்கியிடமே இருக்கிறது என்று அமைச்சர் சொல்வது சட்டப்படி உண்மை. நம் பேச்சாளர்கள் இந்த வேறுபாட்டை மறந்து பேசினால் எதிராளி அதைப் பிடித்துக்கொள்வார். நாம் கேட்க வேண்டியது இதுதான்: பெருமுதலாளியின் கடன் ஏட்டிலிருந்து நீங்கும்போது அவர் வீட்டு வாசலில் யார் வந்து உட்கார்ந்தார்கள்? அண்டை வீட்டாரைக் கூட்டி வைத்து அவரை யார் அவமதித்தார்கள்?

இனிச் சொல்லப்போவது கசப்பானது. கர்நாடகத்துப் பெண்கள் சுய உதவிக் குழுவையும் கடன் குழுவையும் ‘சங்கம்’ என்றே அழைக்கிறார்கள். கன்னடத்தில் ‘சங்கா’. பெங்களூருத் தமிழ்ப் பெண்கள் வாயிலும் அதுதான் புழங்குகிறது. ஆடைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தெருக்கூட்டத்துக்கு அழைக்கச் சென்றபோது, “இன்னிக்கு முடியாதுண்ணா, எனக்குச் சங்கம் இருக்கு” என்றார் ஒரு பெண். “எந்தச் சங்கம்மா, நம்ம சங்கமா?” என்று உடன் வந்த தோழர் ஆவலோடு கேட்டார். “செவ்வாக்கிழமைச் சங்கம்ண்ணா, லோன் கட்டணும்” என்றார் அவர். தோழரின் முகம் போன போக்கை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

நூறாண்டுகளாக உழைப்பாளர் இயக்கம் இரத்தம் சிந்தி வளர்த்த சொல் அது. பின்னி ஆலையும் மினர்வா ஆலையும் இயங்கிய காலத்தில் இந்நகரத்துத் தமிழ்க் குடும்பங்களில் சங்கம் என்றால் பொருள் ஒன்றே. கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும் வரையிலும் அப்படியே. இன்று அதே சொல்லுக்கு, குறித்த கிழமையில், குறித்த மணியில், குறித்த வீட்டுத் திண்ணையில் பெண்கள் கூடித் தவணை கட்டும் இடம் என்று பொருள் வந்துவிட்டது. நம் கிளைக் கூட்டம் மாதம் ஒருமுறை கூடுவதற்கே எத்தனை தொலைபேசி அழைப்புகள் தேவைப்படுகின்றன! நிதி மூலதனமோ ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு வாரமும், வருகைப் பதிவோடு, தெருத்தெருவாகப் பெண்களைத் திரட்டி வைத்திருக்கிறது. அமைப்பு வேலையில் அவர்கள் நம்மை மிஞ்சிவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்வதில் தயங்க ஒன்றுமில்லை.

அவர்கள் திரட்டியது எதற்காக என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏழைப் பெண்ணிடம் அடகு வைக்க நிலமில்லை, வீடில்லை. ஆனால் பக்கத்து வீட்டாரோடு அவருக்குள்ள உறவு இருக்கிறது. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்னும் கூட்டுப் பொறுப்பு, அந்த உறவையே ஈடாக எழுதி வாங்கிக்கொள்கிறது. ஒருவர் துன்பத்தில் மற்றவர் துணைநிற்பதைத்தான் நாம் தோழமை என்கிறோம். அந்தத் தோழமை இங்கே வசூல் கருவியாகிறது. தவணை தவறியவரின் வீட்டு முன் நின்று திட்டுகிறவர் நிறுவனத்தின் ஊழியராக இருப்பதில்லை. அவர் வீட்டுக்குத் தினமும் தண்ணீர் பிடித்துக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்தான் அங்கே நிற்கிறார்.

கணக்கின் வரவுப் பக்கத்துக்கு வருவோம். செலவைக் குறைக்க வழியில்லை என்றால் வரவு கூட வேண்டும். வரவு என்பது கூலி. 2020 ஏப்ரலில் கர்நாடக ஆயத்த ஆடைத் தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய பஞ்சப்படி உயர்வு மாதம் 417 ரூபாய் 60 காசு. பெருந்தொற்றைக் காரணம் காட்டி மாநில அரசு அதை ஒத்திவைத்தது. உயர்நீதிமன்றம் அந்த ஒத்திவைப்பைத் தடுத்த பிறகும், நான்கு லட்சம் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு நெடுங்காலம் அது கிடைக்கவில்லை. நாளொன்றுக்கு 16 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் 5,000 ரூபாய். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு பிள்ளையின் சீருடைக்கும் புத்தகத்துக்கும் ஆகும் தொகை. அந்தத் தொகையைத்தான் அப்பெண்கள் கடனாக வாங்கியிருப்பார்கள். கூலியாக வர வேண்டியது கடனாக வந்தது, வட்டி வேறு.

இதை உணர்ந்து பெண்கள் தெருவுக்கு வந்த நாளும் இந்நகரத்துக்கு உண்டு. வருங்கால வைப்புநிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்னும் 2016 பிப்ரவரி 10ஆம் நாள் அறிவிக்கைக்கு எதிராக, அவ்வாண்டு ஏப்ரல் 18, 19 ஆகிய நாள்களில் பல்லாயிரம் ஆடைத் தொழிலாளர்கள் ஓசூர் சாலையையும் நகரின் பிற நெடுஞ்சாலைகளையும் மறித்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தொழிற்சங்கத்திலும் இல்லாதவர்கள். தடியடியும் கண்ணீர்ப் புகையும் நிகழ்ந்தன. ஏப்ரல் 19 அன்றே ஒன்றிய அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது. வைப்புநிதிக்காக ஏன் இத்தனை கோபம் என்று அப்போது பலர் வியந்தார்கள். ஆடைத் தொழிலாளியின் வீட்டுக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. மகளின் திருமணத்துக்கும் மருத்துவமனைச் செலவுக்கும் பழங்கடனை முடிக்கவும் வேலையை விட்டு வைப்புநிதியை எடுத்து, பின் மறுபடி வேறொரு தொழிற்சாலையில் சேர்வது அவர்களது வழக்கம். முதுமைக்கான நிதி என்று சட்டம் சொல்வது, அவர்கள் கணக்கில் வட்டியில்லாத ஒரே கடன். அதில் கைவைத்தபோது சாலை மறிக்கப்பட்டது. அந்த இரண்டு நாள்களிலிருந்து நம் இயக்கம் கற்க வேண்டியதை இன்னும் கற்று முடிக்கவில்லை என்பது என் எண்ணம்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். கடன் என்பது மக்களின் பிரச்சினை, நாம் அதைத் தீர்க்கப் போகிறவர்கள் என்பதுபோல் பேசுகிறோம். நம் கிளைகளிலும் கடனாளிகள் இருக்கிறார்கள். தவணை தவறிய தோழர் முதலில் சந்தா கொடுப்பதைத் தள்ளிப்போடுவார். பிறகு கூட்டத்துக்கு வருவது குறையும். சக தோழரிடம் கைமாற்று வாங்கியிருந்தால், அவர் வருகிற கூட்டத்துக்கு இவர் வரமாட்டார். ஆண்டு இறுதியில் உறுப்பினர் புதுப்பிப்பின்போது ‘செயலற்றவர்’ என்று ஒரு சொல்லில் அவர் கதை முடிகிறது. அவர் செயலற்றுப் போகவில்லை, வெட்கிப் போனார் என்பதை யாரும் கேட்டறிவதில்லை. மார்க்ஸ் 1852 பிப்ரவரியில் தம் மேலங்கிகள் அடகுக்கடையில் இருப்பதால் வெளியே போக முடியவில்லை என்று எங்கெல்சுக்குக் கடிதம் எழுதினார். அதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் ஏன் தோன்றுகிறது?

மற்றொன்று, ஆண் தோழர்களுக்கு. நுண்கடன் பெண்ணின் பெயரில்தான் கொடுக்கப்படுகிறது. தவணை நாளில் போய் உட்காருபவரும் அவரே. திட்டு வாங்குபவரும் அவரே. தம் மனைவியின் பெயரில் எத்தனை கடன் இருக்கிறது என்று சட்டென்று சொல்லக்கூடிய ஆண் தோழர்கள் எத்தனை பேர்? இதற்கு மறுபக்கமும் உண்டு. கணவர் வாங்கிய தண்டல், அவர் கட்டும் ஏலச்சீட்டு, மதுக்கடைப் பாக்கி ஆகியவை மனைவிக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு கணக்குகள் ஒன்றுக்கொன்று மறைந்து ஓடுகின்றன. கிருகலட்சுமித் திட்டத்தின் 2,000 ரூபாய் 2023 ஆகஸ்டு முதல் குடும்பத் தலைவியின் கணக்கில் வருகிறது. அவ்வாண்டு ஜூன் முதல் அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவை போராடும் மக்களுக்குக் கிடைத்த சிறு மூச்சு. அந்த மூச்சும் தவணையில் கரைகிறதா, உணவுத் தட்டுக்கு வருகிறதா என்பதை அறிய ஒரே கணக்காக எழுதினால்தான் முடியும்.

அந்தக் கணக்கை எப்படி எழுதுவது? இன்று பெரும்பாலான வீடுகளில் சம்பளம் வந்ததும் முதலில் கழிக்கப்படுவது தவணை, மிச்சத்தில் சோறு. வெள்ளையர் காலத்துக் கிஸ்தியைப் போல, விளைந்தாலும் விளையாவிட்டாலும் முதல் உரிமை வசூலிப்பவனுக்கு. இதைத் தலைகீழாக மாற்றி எழுத வேண்டும். உணவு, வாடகை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை மேலே எழுதி, அவை கழிந்த பிறகு நிற்பதைத் தவணைக்குரிய தொகையாக எழுத வேண்டும். அதிக வருமானம் வந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மழைக்கால மாதத்தை வைத்துப் போட வேண்டும். கடன்களை எழுதும்போது உண்மையான வட்டி எதில் அதிகமோ அதை முதலில் எழுதி, மிஞ்சுகிற சிறு தொகையையும் அதன்மேல் செலுத்த வேண்டும்; பெரும்பாலும் அது தண்டலாகவே இருக்கும். பழைய தவணைக்காகப் புதுக் கடன் என்று எவர் வந்து சொன்னாலும், அவர் கடனைத் தீர்க்க வரவில்லை, கணக்கேட்டில் தம் நிறுவனத்தின் வாராக்கடனை மறைக்க வந்திருக்கிறார். வாடகை வீட்டுக்கு முன்பணமாகவோ போக்கியமாகவோ லட்சங்களைக் கடன் வாங்கிக் கொடுத்தவர்கள், அந்தத் தொகைக்குக் கட்டும் வட்டியை வாடகையோடு கூட்டிப் பார்த்தால், மலிவு என்று நினைத்த வீடு மலிவில்லை என்று தெரியும்.

இப்படி எழுதினால் தவணை குறையும். அப்போது நிறுவனத்தோடு பேச வேண்டி வரும். தனியாளாகப் பேசினால் மிரட்டல்தான் பதில். கிளையிலிருந்து இருவர் உடன் சென்றால் பேச்சின் தொனி மாறும். அதற்கு விதிகள் தெரிந்திருக்க வேண்டும். 2022 நெறிமுறையின்படி நுண்கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. தாமத அபராதம் தவறிய தொகைக்கு மட்டுமே. முழுக் கடனுக்கும் அன்று. வசூல் இருதரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை அங்கே வரத் தவறினால் மட்டுமே வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. உறவினர்களையும் உடன் வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்வது விதிமீறல். கடன் விவர அறிக்கையைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். தமிழ் படிக்கும் பெண்ணுக்கு ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதுவே ஒரு புகார். நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தம் பெயரில் எத்தனை கடன் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் முழு அறிக்கையை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் விதி. வாங்காத கடன் தம் பெயரில் இருப்பதை அதில் கண்டு திடுக்கிட்டவர்கள் உண்டு.

இது தொண்டு நிறுவனங்களின் வேலை, நம்முடையது அன்று என்று ஒரு வாதம் கட்சிக்குள் எழும். நான் அதை மதிக்கிறேன். அதன் அச்சம் நியாயமானது. வரவுசெலவுக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு, வறுமைக்குக் காரணம் கணக்குத் தெரியாமையே என்று நம்பவைக்கும் பயிற்சி முகாம்கள் ஏராளம்; வங்கிகளே அவற்றை ‘நிதி எழுத்தறிவு’ என்னும் பெயரில் நடத்துகின்றன. நாம் எழுதும் கணக்கின் நோக்கம் வேறு. அறுபது வீடுகளின் கணக்கு ஒரே தாளில் சேரும்போது, அந்தப் பகுதியில் கூலி எவ்வளவு குறைகிறது, வாடகை எவ்வளவு உறிஞ்சுகிறது, பள்ளிக் கட்டணம் எந்த மாதத்தில் எத்தனை பேரைத் தண்டல்காரரிடம் அனுப்புகிறது என்பது எண்ணாகத் தெரியும். குறைந்தபட்சக் கூலிக் கோரிக்கையை அந்த எண்ணைக் கொண்டு எழுதலாம். கூட்டுறவு வங்கிகளும் பொதுத்துறை வங்கிகளும் இப்பகுதிகளில் எளிய வட்டிக்குச் சிறுகடன் தர வேண்டும், வட்டி உச்சவரம்பு திரும்ப வேண்டும், தவணை வரம்பை மொத்த வருமானத்தின்மேல் கணக்கிடாமல் வாழ்க்கைச் செலவு போக மிஞ்சுவதன்மேல் கணக்கிட வேண்டும் என்னும் கோரிக்கைகளுக்கும் அதுவே சான்று. முழக்கத்தை மட்டும் கொண்டுபோனால் அதிகாரி தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

பெங்களூருவில் பள்ளிகள் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் திறக்கின்றன. ஆண்டின் பெருங்கடன்கள் அந்த வாரங்களில்தான் வாங்கப்படுகின்றன. ஆகவே ஏப்ரல் மாதத்திலேயே, ஆடைத் தொழிலாளர்கள் வாழும் பகுதிகளில் உள்ள நம் கிளைகள் இதற்கென ஒரு கூட்டம் போட வேண்டும் என்று முன்மொழிகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, சமையல் நேரம் முடிந்த பிறகு வைத்தால் பெண்கள் வர முடியும். கடன் அட்டைகள், அடகுச் சீட்டுகள், சீட்டு நோட்டு, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும். முதலில் கிளைச் செயலாளர் தம் வீட்டுக் கடன்களைப் படிக்கட்டும்.